அப்பா நாமா

கிராஞ்சிக் கல்லறை மேட்டிலிருந்து இறங்கி ஜோகூர் போகும் சாலையை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். பின்னால் வெள்ளைக் கற்கள் வரிசை வரிசையாக நின்றன. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டிய சேதி நல்ல சேதிதான். அப்பாவின் பெயர் சுவரில் இல்லை.

அது எப்படி நல்ல சேதி ஆகும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் அம்மாவின் வயிற்றில் இருந்தபோது அப்பா மதராஸ் பட்டாளத்தோடு சிங்கப்பூருக்குக் கப்பலேறினார். துப்பாக்கியை விட மண்வெட்டியை அதிகம் தூக்கிய பட்டாளம் அது. பாலம் போடும், குழி வெட்டும். ஜப்பான்காரன் வந்து எல்லாம் முடிந்த பிறகு ஊருக்கு ஒரு சர்க்கார் கடிதம் போனது. காணவில்லை என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. செத்தார் என்று யாரும் சொல்லாததால் அம்மா பொட்டை அழிக்கவில்லை. துறைமுகத்தில் வேலை பார்த்த மாமா எங்களை இங்கே வரவழைத்தபோதும் பொட்டோடுதான் கப்பலிலிருந்து இறங்கினாள். கம்பம் என்று இங்கே சொல்லும் குடிசைப் பகுதியில் இருந்த எங்கள் வீடு எரிந்தபோது அந்தக் கடிதமும் பெட்டியோடு போனது. மாமாவும் போய்ச் சேர்ந்தார். பொட்டு மட்டும் இருந்தது.

இப்போது அக்கா மகளுக்குக் கல்யாணம். சிராங்கூன் சாலையில் புடவை எடுக்கும்போது மாப்பிள்ளையின் தாய் அக்காவைத் தனியே இழுத்துக் கேட்டிருக்கிறாள். "உங்கம்மா ஆரத்தி எடுக்கலாமா? தப்பா நெனக்காதீங்க லா, அவங்க சுமங்கலிதானான்னு எங்க வீட்ல கேக்குறாங்க."

அக்கா எங்கள் தோ பாயோ வீட்டுக்கு வந்து இதைச் சொல்லி அழுதாள். அம்மா அழவில்லை. கூடத்தில் கால் நீட்டிக் கிடந்த என்னைப் பார்த்துச் சொன்னாள். "நீ சும்மாதானே கெடக்கே. கிராஞ்சில செத்துப்போன சோல்ஜருங்க பேரெல்லாம் சுவத்துல வெட்டி வச்சிருக்காங்களாம். போய்ப் பாத்துட்டு வா. இருந்தா நான் பின்னால போய் நிக்கிறேன். இல்லாட்டி தட்டு என் கையிலதான்."

நான் அப்போது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தேன். எந்த வேலையிலும் ஒரு வருஷம் நிலைத்ததில்லை. லாரி, படகு, ஜோகூர் ரப்பர்த் தோட்டம் என்று எங்கே கூப்பிட்டாலும் போனேன், சலித்ததும் வந்துவிட்டேன். அந்தச் சாலையில் எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். ஒரு தடவை கூட இறங்கியதில்லை.

இப்போது இறங்கிப் பார்த்தேன். மேட்டின் உச்சியில் விமானச் சிறகு மாதிரி ஒரு கூரை. அதன் கீழே ஆளைவிட உயரமான சுவர்கள். ஒவ்வொரு சுவரிலும் மேலிருந்து கீழ் வரை ஆங்கிலத்தில் பெயர்கள். வெள்ளைக்காரன், சீக்கியன், கூர்க்கா, பட்டாணியன் எல்லோரும் பட்டாளம் பட்டாளமாக நின்றார்கள். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன். நம் பெயர்களை ஆங்கிலக்காரன் தன் வாய்க்கு வந்தபடி எழுதியிருந்தான். உதட்டை அசைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தால்தான் உள்ளேயிருந்து ஒரு தமிழன் எட்டிப் பார்ப்பான். அப்படி எத்தனை பேரைச் சொன்னேனோ தெரியாது. சொல்லச் சொல்ல, செத்தபோது அவர்களில் பெரும்பாலோர் என்னைவிட இளையவர்களாக இருந்திருப்பார்கள் என்பது உறைத்தது. அப்பாவும் அப்படித்தான் இருந்திருப்பார். எனக்குத் தம்பி வயது.

நான் தேடிய பெயர் எங்கும் இல்லை. வாசலில் ஒரு பித்தளைக் கதவுக்குள் வைத்திருந்த பெயர்ப் பட்டியல் புத்தகத்திலும் இல்லை.

தோ பாயோவுக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மா தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா. எல்லாச் சுவத்தையும் பாத்துட்டேன்."

அக்கா கையைத் தட்டினாள். "அப்புறமென்ன? தட்டு அம்மாவுக்குத்தான். அந்தம்மாக்கு இப்பவே போன் போடுறேன்."

"இருடி," என்றாள் அம்மா. "எந்தப் பேரைப் பாத்தே?"

"அப்பா பேரைத்தான்."

"அதான், எந்தப் பேரு?"

சொன்னேன். கீரைக்குள் இருந்த கை நின்றது.

"அது யாருடா?"

"என்னம்மா கேக்குறே? என் ஐசில சன் ஆஃப் போட்டு அதானே எழுதியிருக்கு."

"அது உன் வேலைப் பேரு இல்ல? சீனனுங்க உன்னைக் கூப்புடுற பேருன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்!"

இதில் என் பங்கும் இருந்தது. கப்பலிறங்கிய புதிதில், மலாய் ஒரு வார்த்தையும் தெரியாத வயதில், படகுத்துறையில் வேலை கேட்டுப் போனேன். சீனக் கங்காணி என்னைப் பார்த்து, "அப்பா நாமா?" என்றான். உன் பெயர் என்ன என்பதை மலாயில் அப்படித்தான் கேட்பார்கள். மலாயில் 'அப்பா' என்றால் 'என்ன', 'நாமா' என்றால் 'பெயர்'. என் காதில் அது அப்பாவின் நாமம் என்று விழுந்தது. ஐசி என்கிற அடையாள அட்டையில் இருந்த அப்பா பெயரைச் சொன்னேன். அவனுக்கு நான் அந்தப் பெயரானேன். அங்கே பழகியவர்கள் அடுத்த வேலைக்கும் அதையே கொண்டுவந்தார்கள். வீட்டுக்குத் தேடி வந்த கூட்டாளிகளும் அப்படியே கூப்பிட்டார்கள். அம்மா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"அப்ப ஐசில எப்படிம்மா வந்துச்சு?"

"எனக்கு இங்கிலீஷ் தெரியுமா? பதிய வச்ச அன்னிக்கு மாமாவுக்கு வேலை. நான்தான் உங்க ரெண்டு பேரையும் இழுத்துக்கிட்டுப் போனேன். அங்க எழுதுறதுக்கு ஒரு தமிழ்க் கிராணி. புருஷன் பேரென்னன்னாரு. நான் எப்படிச் சொல்லுவேன்? மலை மேல நிக்கிறவரு பேருன்னேன். அவரும் புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டு எழுதிக்கிட்டாரு."

"மலை மேல நிக்கிறவருன்னா பழனிக்காரருதானே?"

"திருப்பதிக்காரர்டா!"

அக்கா சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கிராணி மலை மாறி ஏறியதில் நாங்கள் இருவரும் இத்தனை காலம் யாரோ ஒருவருக்குப் பிள்ளைகளாக இருந்திருக்கிறோம். அப்பாவின் உண்மையான பெயரை இன்னும் யாரும் தேடவில்லை என்பது பிறகுதான் அக்காவுக்கு எட்டியது. சிரிப்பு அப்படியே நின்றது.

"அம்மா, நீ பேசாம இருந்திருக்கலாம்ல?"

"இருந்திருக்கலாம்," என்றாள் அம்மா. மறுபடி கீரையை உருவினாள். "அவரு அங்க இருந்தாருன்னா, இவன் அவரைத் தாண்டில்ல நடந்து வந்திருக்கான். அது நல்லாவா இருக்கு? நாளைக்கு நானும் வர்றேன்."

அப்போதும் அந்தப் பெயரை அவள் சொல்லவில்லை. திருப்பதிக்காரருக்கு எத்தனையோ பெயர்கள். எனக்குத் தெரிந்தவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே வந்தவள் ஒன்றுக்கு மட்டும், கீரையைப் பார்த்தபடியே, "ம்" என்றாள். நாற்பது வயதில் என் அப்பாவின் பெயர் எனக்கு அப்படித்தான் தெரியவந்தது. வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். என் வாய்க்கு அது புதிதாக இருந்தது.

மறுநாள் அம்மா வெளுத்த சேலை கட்டி, நெற்றியில் வழக்கம்போல் பெரிய பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். மேடு ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாள். சுவர்களைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இத்தனை பேரா?"

"இத்தனை பேரும்."

"ஒருத்தரையும் விடாம பேரு பேரா எழுதியிருக்கானே!"

முதலில் புத்தகத்தை எடுத்தேன். அந்தப் பெயரில் நாலைந்து பேர் இருந்தார்கள். விரலை வைத்து எழுத்துக் கூட்டினேன். ஒருவருக்கு நேரே எங்கள் ஊரின் பெயர் இருந்தது. எழுத்துகள் தாறுமாறாக இருந்தாலும் எங்கள் ஊர்தான். அதற்கு முன்னால், இன்னாரின் புருஷன் என்று போட்டு, அம்மாவின் பெயர் இருந்தது. நான் திரும்பத் திரும்ப அதையே படித்தேன். இவள் ஒரு தடவை கூட வாயால் சொல்லாத மனிதரின் பக்கத்தில், எங்கோ உட்கார்ந்திருந்த ஒருவன் இவள் பெயரை எழுதி வைத்திருக்கிறான். யாருக்கும் தெரியாமல் அவர்கள் இரண்டு பேரும் இத்தனை காலம் இந்தப் பித்தளைக் கதவுக்குள் ஒரே வரியில் இருந்திருக்கிறார்கள்.

"என்னடா முழிக்கிறே? இருக்கா?"

"இருக்கும்மா. நீயும் இருக்கே."

"நானா? நான் எதுக்கு அங்க?"

படித்துச் சொன்னேன். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு, "சுவத்தைக் காட்டு," என்றாள்.

நான் முந்தின நாள் முதுகைச் சாய்த்து இளைப்பாறிய சுவர்தான் அது. பெயர் அவளுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. நான் கையைத் தூக்கி எழுத்தின் மேல் விரலை வைத்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கல் வெயிலில் சுட்டது. நான் விரலை எடுக்கவில்லை, அவளும் விடவில்லை. எங்கோ புல் வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"படி," என்றாள்.

நான் அப்பாவின் பெயரைச் சத்தமாகப் படித்தேன். அவருடைய பெயராக அதை ஒருவர் சத்தமாகச் சொல்லி அவள் கேட்டு எத்தனை வருஷமாகியிருக்கும்? யாரோ கூப்பிட்ட மாதிரி சட்டென்று நிமிர்ந்தாள்.

இறங்கும்போது தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். வேர்வையைத் துடைப்பது போல்தான் துடைத்தாள். பஸ்ஸில் பார்த்தபோது நெற்றி வெறுமையாக இருந்தது. பாதி வழியில் அவளே சொன்னாள். "தட்டை அந்தம்மாவே எடுக்கட்டும். பித்தளைத் தட்டு நல்ல கனம். கை வலிக்கட்டும்."

வீட்டுக்குப் போனதும் அக்காவிடம், "உங்கப்பாவைப் பாத்துட்டு வந்தோம்," என்றாள். அக்கா அம்மாவின் நெற்றியைப் பார்த்துவிட்டு உலை வைக்கப் போனாள்.

அடுத்த நாள் காலையில் பூன் லே பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். கல்யாணச் செலவுக்கு என் பங்காக ஏதாவது கொடுக்க வேண்டும். எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கித் துரு தட்டும் வேலை. அதற்குப் பெரும்பாலும் யாரும் வர மாட்டார்கள், அதனால் ஆள் எடுப்பவர்களும் எதையும் அதிகம் கேட்க மாட்டார்கள். கங்காணி ஒரு சீனன். சுத்தியலை என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டான்.

"அப்பா நாமா?"

மலாய் எனக்கு இப்போது நன்றாகவே தெரியும். ஆனாலும் அப்பாவின் பெயரைச் சொன்னேன்.

"பெரிய பேரு லா," என்று மலாயில் சொல்லி முகம் சுளித்தான். நாக்கில் புரட்டிப் பார்த்தான், வரவில்லை. நான் இன்னொரு தடவை நிறுத்திச் சொன்னேன். பிறகு ஏணியில் இறங்கி இருட்டில் துரு தட்டத் தொடங்கினேன்.

மத்தியானத்துக்குள் அவனுக்கு அது படிந்துவிட்டது. சாப்பாட்டுக்கு வரச்சொல்லி மேலேயிருந்து முழுப் பெயரையும் கத்தினான். நாலு பக்கமும் இரும்பு. அந்தப் பெயர் ஒவ்வொரு சுவராகப் பட்டுப் பட்டு என்னிடம் வந்தது.

"வந்துட்டேன்," என்று பதில் கொடுத்தேன்.