ஜோஸ்பின் அவிழ்த்த முடிச்சு

உப்புக்காற்றின் ஈரமும் சூடேறிய மானிட்டரின் பிளாஸ்டிக் வாசமும்... காரைக்காலில் நாங்கள் எம்.எஸ்சி. படித்த கல்லூரியின் கம்ப்யூட்டர் லேப் இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

பக்கத்து நாற்காலியில் ஜோஸ்பின். தருமபுரத்துப் பெண். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். படிப்பு முடிந்ததும் பாரிஸில் இருக்கும் அண்ணனிடம் போக டிக்கெட் போட்டாகிவிட்டது.

எங்கள் புராஜெக்ட், நெல்லைத் தாக்கும் ஒரு கிருமியின் புரோட்டீன். புரோட்டீன் ஒரு நீளமான சங்கிலி. அது எப்படி மடங்கிச் சுருண்டு உட்காருகிறதோ, அதை வைத்துத்தான் அதன் வேலை. எங்கள் புரோட்டீனின் வடிவம் அப்போது யாருக்கும் தெரியாது. வடிவம் தெரிந்த உறவுக்காரப் புரோட்டீன் ஒன்றை அச்சாக வைத்து, இதுவும் இப்படித்தான் மடங்கியிருக்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட வேண்டும். நாள் கணக்கில் ஓடும். நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து...

ஒருவழியாக மாடல் வந்தது. எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்று புரோகிராமே போடும் ஸ்கோர் பிரமாதம். போதும், எழுதிக் கொடுங்கள் என்றார் எங்கள் கைடு.

ஜோஸ்பின் மட்டும் மவுஸால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க பாரு. சங்கிலி இந்த வளையத்துக்குள்ள பூந்து வெளிய வருது. இதோட சொந்தக்காரப் புரோட்டீன் எதுலயும் இப்படி ஒரு முடிச்சு இல்ல. இதுல மட்டும் எப்படி வந்துச்சு?"

ஸ்கோர் நன்றாகத்தானே இருக்கிறது என்றேன்.

மறுநாளே வீட்டில், பாரிஸ் பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அப்பா முணுமுணுத்துக்கொண்டே டிக்கெட்டை மாற்றினாராம்.

சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஓர் எழுத்து உண்டு; எங்கள் புரோட்டீன், அச்சாக வைத்த புரோட்டீன் இரண்டின் எழுத்து வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவளே ஒப்பிட்டாள். ஓரிடத்தில் புரோகிராம் ஒரு துண்டைத் தள்ளிப் பொருத்தியிருந்தது. அதைச் சரிசெய்து திரும்ப ஓட்டினோம். முடிச்சு போய்விட்டது. ஆனால் ஸ்கோர் கொஞ்சம் இறங்கிவிட்டது.

குறைந்த ஸ்கோரையா கொடுக்கப்போகிறாய் என்று கேட்டார் சார்.

"முதல்ல வந்தது கணக்குக்குப் பொருந்துது சார். இயற்கையில அப்படி இருக்குமாங்கறது சந்தேகம். இது இருக்கலாங்க சார்."

அவர் மவுஸை வாங்கித் தானே சுற்றிப் பார்த்தார். சரி, இதையே கொடு என்றார்.

சில வருடங்கள் கழித்து வெளிநாட்டில் ஒரு லேப் அந்தப் புரோட்டீனின் வடிவத்தை எக்ஸ்ரே முறையில் கண்டுபிடித்து வெளியிட்டது. அதை இணையத்திலிருந்து இறக்கி, அவள் மாடலின் மேல் வைத்துப் பார்த்தேன். சங்கிலி வளையத்துக்கு வெளியேதான் போயிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

படத்தை பாரிஸுக்கு அனுப்பினேன். அவள் குரல் பதிவு வந்தது. "அப்பா இப்ப இங்கதான் இருக்காரு, அவருகிட்ட காட்டுனேன்டி. இதுக்குத்தான் டிக்கெட்ட மாத்தச் சொன்னியான்னு கேட்டாரு. அப்புறம் போனத் திருப்பியே தரல."

இப்போது நான் பாடம் நடத்துகிறேன். என் மாணவர்களுக்கு டீ ஆறுவதற்குள் ஏஐ வடிவத்தைக் கொடுத்துவிடுகிறது. எந்தப் பகுதியில் தனக்கே நிச்சயமில்லை என்பதையும் நிறம் போட்டுக் காட்டுகிறது. ஒவ்வொரு தடவையும் வாய் பிளந்துதான் பார்க்கிறேன்.

மாடல் ஓடி முடியும்வரை ஜோஸ்பினும் நானும் அரசலாற்றங்கரையில் உட்கார்ந்து உலகத்துக் கதையெல்லாம் பேசுவோம்... இவர்கள் லேப்டாப்பை மூடிவிட்டு ஆளுக்கொரு பக்கம் கிளம்பிவிடுகிறார்கள். காத்திருக்க ஒன்றுமில்லை, பாவம்.