தலை தீபாவளி மோதிரம்

அந்த ஆளின் முகத்தில் கரி பூசவேண்டும் என்றுதான் அந்த வழக்கை எடுத்தேன். நியாயம், சட்டமெல்லாம் எனக்கு அப்புறம்தான். ஒரு வக்கீல் இப்படிச் சொல்லலாமா என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

எண்பதுகளின் தொடக்கம். நெய்வேலியில் ஞாயிறு மதியங்களில் பெண்களுக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் தையல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு, ஆளுக்கொரு ஜாக்கெட் துணியோடு வருவார்கள். அங்கேதான் அவளும் வந்தாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தாயகம் திரும்பியவர்களோடு, தாய் தகப்பன் இல்லாமல் தனியாக வந்துசேர்ந்தவள். மைன்ஸில் போர்மேனாக இருந்த ஒருவன் கோயிலில் வைத்துத் தாலி கட்டி குவார்ட்டர்ஸுக்குக் கூட்டிவந்தான். வருடக்கணக்கில் அடித்தான். சொந்தச் சாதியில் நகையோடு பெண் நிச்சயமானதும், தாலியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே தள்ளினான். போலீசுக்குப் போனால் உன்னைத்தான் கப்பலேற்றித் திருப்பி அனுப்புவார்கள் என்று சொல்லிவைத்திருந்தான். அவளும் அதை நம்பியிருந்தாள்.

"நீ இந்தியப் பிரஜைம்மா. உன்னை யாரும் எங்கயும் அனுப்ப முடியாது" என்றேன். அதையே திரும்பத் திரும்ப என்னைச் சொல்லவைத்தாள்.

ஜீவனாம்சம் கேட்டுக் கடலூர் கோர்ட்டில் மனுப் போட்டேன். மனைவி என்று நிரூபித்தால்தான் அது கிடைக்கும். அவன் கூண்டில் ஏறி, கொஞ்சமும் கூசாமல், "வீட்டு வேலைக்கு வெச்சிருந்தேங்க ஐயா. கல்யாணமெல்லாம் இல்ல" என்றான். கல்யாணத்தைப் பார்த்த அவன் நண்பர்களும் அப்படியே ஒப்பித்தார்கள். அவளுக்காகப் பேச ஒரு நாதியில்லை. புருஷன் துரத்திவிட்ட என் அக்காவின் வழக்கிலும் இப்படித்தான் தெருவே வாயை மூடிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு கிளாஸில் இதைச் சொன்னபோது, அவளுடைய பக்கத்து குவார்ட்டர்ஸ் அம்மாள் கொதித்துப்போனார். "வேலைக்காரியா? எங்க வூட்டுல வந்துதான தலை தீபாவளி கொண்டாடினாரு." பெண்ணுக்குத் தாய்வீடு இல்லையே என்று இவரே தாயாக நின்று அழைத்திருக்கிறார். வேட்டி, மோதிரம் என்று சீர் கிடைக்கிறது என்றதும் மாப்பிள்ளையும் வந்து உட்கார்ந்திருக்கிறான். ஆனால் சாட்சி சொல்ல வரமாட்டேன் என்றார். அவர் வீட்டுக்காரர் அதே போர்மேனுக்குக் கீழே ஷிப்ட் பார்ப்பவர்.

"சாட்சி வேணாம். சும்மா பார்க்க வாங்க" என்றேன். வேண்டுமென்றேதான் கூப்பிட்டேன். கூண்டில் அவன் விரலில் ஒரு பச்சைக்கல் மோதிரம் மின்னியதை நான் பார்த்திருந்தேன்.

வாய்தா அன்று அவன் கோர்ட் வராந்தாவில் சிகரெட்டும் கையுமாக நின்றான். அம்மாளின் கண் நேரே அவன் விரலுக்குப் போனது. "நான் போட்டதுங்க" என்றார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு, "என் பேர எழுதிக்குங்க வக்கீலம்மா" என்றார்.

கூண்டில் ஏறி, அவன் பக்கம் கையை நீட்டிச் சொன்னார். "மணையில ஒக்காந்துகினு எங்கையால எண்ணெ வெச்சிக்கினாருங்க. வேட்டியும் மோதரமும் வாங்கிக்கினாரு. அதோ, வெரல்லியே கெடக்குது. வேலைக்காரியோட தாய்வூட்டுக்கு எந்த மொதலாளிங்க மாப்பிள்ளையா வருவாரு?"

அவன் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். மறுபடி அவனைக் கூண்டில் ஏற்ற அனுமதி வாங்கினேன். கையை வெளியே எடுக்கச் சொன்னேன். எந்தக் கடையில் வாங்கினாய், யாரோடு போய் வாங்கினாய் என்று துருவித்துருவிக் கேட்டேன். சட்டை வேர்வையில் ஒட்டும்வரை விடவில்லை. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை இன்றுவரை நான் மறைத்ததில்லை.

மதியம் அவன் வக்கீல் சமாதானத்துக்கு வந்தார். அவளைக் கூட்டிக்கொண்டுபோய் வைத்துக்கொள்கிறானாம், வழக்கை வாபஸ் வாங்கவேண்டுமாம். தலையாட்டிவிடுவாளோ என்று அவளைப் பார்த்தேன்.

"அவரு வாயால சொல்லட்டுங்க" என்றாள்.

வராந்தாவில், தையல் கிளாஸ் பெண்கள் அத்தனை பேர் முன்னால், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவன் சொன்னான்: "இவ என் சம்சாரம்தான். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அவள் அவனை நேராகப் பார்த்தாள். "சம்சாரம்னு சொன்னியே, அத உள்ள போய் ஜட்ஜ் ஐயாகிட்டயும் சொல்லு. நான் உன்கூட வரமாட்டேன்."