என் தோளில் கிடந்த துவாய்

அன்று குத்துச்சண்டை மேடையின் சிவப்பு மூலையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். கயிற்றுக்கு உள்ளே என் அக்காவின் கணவர். நான் அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். நாட்டின் ஹெவிவெயிட் சாம்பியன் என்று அன்று காலைப் பேப்பரில் அவருடைய படம் வந்திருந்தது. கயிற்றுக்கு வெளியே, முழங்காலுக்குத் தைலம் தேய்த்தபடி, கண்டியிலிருந்து வந்த கோச் மாத்தயா, மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. அவருக்குப் பக்கத்தில் அட்டன் சலூன்காரர். புருவம் கிழிந்தால் இரத்தத்தை நிறுத்துவது அவர் வேலை. நாலாவது ஆள் நான். ஸ்டூல், வாளி, தண்ணீர்ப் போத்தல், வெள்ளைத் துவாய் எல்லாம் என் பொறுப்பு. வேன் டிரைவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர் மண்டபத்துக்குள் வரவில்லை, வெளியே மர நிழலில் வேனுக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருந்தார். நாங்கள் வேனில்தான் கொழும்புக்குப் போயிருந்தோம் என்பதை மறக்காமல் சொல்லிவிடுகிறேன், பிறகு தேவைப்படும். அக்கா வரவில்லை. வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன், அதற்கு ஏன் அவ்வளவு தூரம் என்று சொல்லி தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

அந்தத் துவாயை அக்காதான் வாங்கித் தந்திருந்தாள். ஓரத்தில் நீலக் கோடு போட்டது. வியர்வை துடைக்க வேறு துண்டுகள் இருந்தன, இது அதற்கில்லை. நம்முடைய ஆளால் இனி முடியாது என்று மூலையில் இருக்கிறவர்களுக்குத் தோன்றினால் இதைத் தூக்கி உள்ளே எறிய வேண்டும். அத்தோடு சண்டை முடிந்தது, தோல்வி. வழக்கமாக அது கோச்சின் கையில்தான் இருக்கும். எங்கள் மூலையில் மட்டும் அது என் தோளில் கிடந்தது. நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். அட்டனில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலை. கடைக் கதவைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாண்ட் வரை வந்தபிறகு, பூட்டினோமா என்று சந்தேகம் வந்து திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிறவன். என்னிடம் போய் இதை ஏன் கொடுக்கிறீர்கள் என்று கோச்சிடமே ஒரு நாள் கேட்டேன். அவர் தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: “பயம் உள்ள ஆள்கிட்டதான் துவாய் இருக்கணும் மல்லி. தைரியம் உள்ள ஆள் லேட்டா போடும்.” தம்பி என்பதைத்தான் சிங்களத்தில் மல்லி என்பார். அவர் என்னைப் பாராட்டினாரா, இறக்கிப் பேசினாரா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மச்சான் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். மற்றவர்கள் ஓர் உர மூட்டையோடு மேட்டில் முக்கிக்கொண்டு ஏறும்போது அவர் இரண்டைப் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டே போவார். கல்யாணமான புதிதில் கொழும்புக்கு, புறக்கோட்டையில் மூட்டை தூக்கப் போனார். அங்கே ஒரு குத்துச்சண்டைக் கூடத்தில், பயிற்சி எடுப்பவர்கள் குத்திப் பழக ஒரு பெரிய உடம்பு தேவைப்பட்டிருக்கிறது. அடி வாங்குவதற்கு நாள் சம்பளம். மூட்டையை விட இது பாரம் குறைவு என்று ஒத்துக்கொண்டாராம். இரண்டு மாதம் வாங்கிக்கொண்டு நின்றவர் ஒரு நாள் பொறுக்காமல் ஒன்று திருப்பிக் கொடுத்தார். வாங்கியவரைத் தண்ணீர் தெளித்து எழுப்ப வேண்டியிருந்தது. அன்றைக்கே, அங்கே பழக்கிக்கொண்டிருந்த கோச் மாத்தயா அவரைத் தன் ஆளாக எடுத்துக்கொண்டார்.

சாம்பியன் ஆனால் கூட்டம் கூடிவிடும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். நடந்தது வேறு. அந்த எடையில் காசுக்குச் சண்டை போடுகிறவர்கள் நாட்டில் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடுவார்கள். மாதக்கணக்கில் எதிராளிக்காகக் காத்திருக்க வேண்டும். ஒருவரோடேயே மூன்று முறை மோதினார். மூன்றாவது முறை, சண்டைக்கு முன்னால் இரண்டு பேரும் ஒருவர் வீட்டு நலத்தை மற்றவர் விசாரித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு தடவை சென்னைக்குப் போய் ஜெயித்துவிட்டு வந்தார். மற்ற நாளெல்லாம் தோட்டத்தில்தான். விடியற்காலையில் பனிக்குள் ரோட்டில் தனியாக ஓடுவார். இருமல் சத்தத்தை வைத்துத்தான் அவர் எந்த வளைவில் வருகிறார் என்று தெரியும். குத்திப் பழக ஆளில்லாமல் லொறி டயரைக் கட்டித் தொங்கவிட்டுக் குத்துவார்.

எடை குறைந்துவிடக் கூடாது என்பது பெரிய கவலை. வாரம் ஒரு முறை கொழுந்து மடுவத்தில், கொழுந்து நிறுக்கிற தொங்கு தராசின் கொக்கியைப் பிடித்துக் காலை மடக்கித் தொங்குவார். நான் முள்ளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கூடையோடு வரிசையில் நிற்கிற பெண்கள் சும்மா விடமாட்டார்கள். “அதுலயும் சாக்குக்கு ரெண்டு கிலோ கழிச்சிப் போடுங்க கணக்கப்பிள்ள, எங்களுக்கு மட்டுந்தான் கழிப்பீங்களா” என்று ஒருத்தி சொல்ல, மடுவமே சிரிக்கும். தராசில் தொங்கிக்கொண்டே மச்சானும் சிரிப்பார், முள் ஆடும், என்னால் எடை பார்க்க முடியாது. அக்கா கொழுந்தெடுத்துச் சம்பாதித்தது முக்கால்வாசி அவர் சாப்பாட்டுக்கே போனது. அவள் அதை ஒரு குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

சண்டை முடிந்து திரும்பும்போதெல்லாம் எங்களுக்கு ஒரே பதற்றம்தான், அட்டனில் கடைசி பஸ்ஸைப் பிடிப்பது. இரண்டு தடவை அதை விட்டுவிட்டு ஊர் ஊராக நடந்திருக்கிறோம். புருவத்தில் பிளாஸ்டரோடு சாம்பியன் முன்னால் நடப்பார், பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால். பையை வாங்கிக்கொள்ளட்டுமா என்று வழியெல்லாம் அவர்தான் கேட்டுக்கொண்டு வருவார்.

முதலில் சொன்ன அந்தச் சண்டைக்குத்தான் முதல் முதலாக வேன் பிடித்தோம். ஜெயிப்பவருக்கு இரண்டு லட்சம், தோற்பவருக்கு எண்பதாயிரம் என்று பேச்சு. ஜெயித்தால் மலேசியாவில் மூன்று சண்டை என்று ஒருவர் கடிதமும் அனுப்பியிருந்தார். அந்தக் காசில் ரோட்டோரத்தில் ஒரு துண்டுக் காணி வாங்கி லயத்தை விட்டு வந்துவிடுவது என்று அக்கா முடிவே செய்திருந்தாள். பத்து ரவுண்ட். எதிராளி தெற்கே காலி நகரத்துப் பக்கத்து ஆள், வயதில் இளையவர். ஏழாவது ரவுண்டில் காதுக்குப் பின்னால் ஓர் அடி விழுந்தது. மச்சான் தலையை ஒரு முறை உதறிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார். ஒன்பதாவது முடிந்தபோது புள்ளியில் நாங்கள்தான் முன்னால் என்று கோச் சொன்னார். விழாமல் நின்றாலே போதும்.

ஸ்டூலில் உட்கார்ந்தவருக்குத் தண்ணீர் கொடுக்கக் குனிந்தேன். சலூன்காரர் புருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோச் அந்தப் பக்கம் திரும்பி, மணி அடிக்கிறவரிடம் ஏதோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். மச்சான் என் காதுக்குள் கேட்டார்.

“மாப்ள, கடைசி பஸ் போயிருச்சா?”

“வேன் இருக்கு மச்சான்” என்றேன்.

எந்த வேன் என்பதுபோல என்னைப் பார்த்தார். அப்படித்தான் எனக்குப் பட்டது. அதற்குள் மணி அடித்துவிட்டது.

கடைசி ரவுண்ட். கையைத் தூக்கிக்கொண்டு ஒழுங்காகத்தான் சுற்றி வந்தார். முடிய ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும், அடுத்தடுத்து இரண்டு அடி விழுந்தது. அவர் விழவில்லை. ஆனால் அடித்தவரைப் பார்க்காமல் திரும்பி மண்டபத்து வாசலைப் பார்த்தார். பஸ்ஸைப் பார்க்கிறார் என்று என் மனதுக்குள் ஓடியது. துவாய் என் தோளில் இல்லை என்பதை, அது மேடைக்கு நடுவில் கிடப்பதைப் பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

நடுவர் கையை ஆட்டிச் சண்டையை நிறுத்தினார். எதிராளிக்கே நம்ப முடியவில்லை, இரண்டு பக்கமும் பார்த்தார். மச்சான் கொஞ்ச நேரம் துவாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையுறை போட்ட இரண்டு கைகளாலும் அதை அள்ளி எடுத்துக்கொண்டு மூலைக்கு வந்து, என் தோளில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். கோச் மாத்தயா என்னைத் திட்டவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டார். பஸ் விஷயம் வாய் வரைக்கும் வந்தது. சாம்பியனுக்குத் தலை குழம்பிவிட்டது என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் அவரை இனி யாரும் மேடையேற்ற மாட்டார்கள் என்றும் தோன்றியது. பயந்துவிட்டேன் என்று சொன்னேன். எல்லோரும் உடனே நம்பினார்கள். என்னைப் பற்றி நம்ப அது சுலபமான விஷயம்.

வேனில் ஏறித் திரும்பினோம். கினிகத்தேனையில் தேத்தண்ணி குடிக்க இறங்கியபோது பொழுது சாய்ந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. மச்சான் கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டே திடீரென்று சொன்னார்: “ஒன்னு இருபது. நீ எனக்கு ஒன்னு இருபது தரணும் மாப்ள.” இரண்டு லட்சத்தில் எண்பது போக மிச்சம். வட்டி உண்டா என்று சலூன்காரர் கேட்டார். “வட்டிக்குத்தான் அவுங்க அக்காவ குடுத்துட்டானே” என்றார் மச்சான். சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரைத் தனியாக ஓரத்துக்குக் கூட்டிப்போய், பஸ்ஸைப் பற்றிக் கேட்டீர்களே என்றேன்.

“பகடி பண்ணுனா தெரியாதா ஒனக்கு?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

பிறகு சண்டை அமையவில்லை. ஜெயித்தவர் வேலை தேடி வெளிநாடு போய்விட்டார். மலேசியாக்காரர் மறுபடி எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் கண்ணில் லைட் அடித்துப் பார்த்து, ஸ்கேன் எடுக்கக் கண்டிக்குப் போகச் சொன்னார். இது என்ன பெரிய விஷயம் என்று மச்சான் போகவில்லை. மறு வருஷம் அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். இரண்டு வருஷத்துக்கு என்று போனவள், இடையில் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுத் திரும்பப் போய்விட்டாள். பஸ் ஏற்றிவிட்டபோது, மச்சானைப் பார்த்துக்கொள் என்று என்னிடம்தான் சொன்னாள். துவாயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோச் மாத்தயா இறந்துவிட்டார். மச்சான் ஒரு ஹோட்டல் கேட்டில் காவலுக்கு நின்றார், பிறகு அதையும் விட்டுவிட்டார். பிள்ளைகள் இல்லாத வீடு. லயத்துக் காம்பராவில் அவரும் சுவரில் தொங்கும் கையுறையும்தான்.

அந்தக் கடனை நான் பகடியாக எடுத்துக்கொள்ளவில்லை. மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் ஐந்நூறு ரூபாய் கொடுப்பேன். முதல் தடவை நீட்டியபோது என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டார். அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் பாணும் டின்மீனும் வாங்கி வந்து, குழம்பு வைத்து எனக்கே போட்டார். அன்றிலிருந்து அதுதான் வழக்கம். புறப்படும்போது எவ்வளவு நிக்குது என்று கேட்பார், நான் சொல்வேன், சரி என்பார். ஊரடங்கில் போக முடியாத மாதங்களுக்குச் சேர்த்துக் கொடுத்தேன். இப்படிப் பதின்மூன்று வருஷம்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு தடவையும் யோசிப்பேன். அவர் அன்று பகடிதான் பண்ணினார் என்றால், காணியும் மலேசியாவும் போனது என்னால், அக்கா குவைத்தில் இருப்பதும் என்னால். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் சாமியிடம் வேண்டியிருக்கிறேன். என் பேரில் தப்பு இருந்துவிட்டுப் போகட்டும், அவருக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது. இதை அக்காவிடமும் சொன்னதில்லை. சொல்லத் தெரியவில்லை. எழுதுவதும் இதுதான் முதல் தடவை.

போன மாதம் நான் போய்ச் சேர்ந்தபோது நல்ல மத்தியானம், மழை தூறிக்கொண்டிருந்தது. மச்சான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, சப்பாத்து, பக்கத்தில் பழைய பை. எங்கேயோ புறப்பட்ட மாதிரி. என்னைக் கண்டதும் கேட்டார்.

“கடைசி பஸ் போயிருச்சா மாப்ள?”

முகத்தைப் பார்த்தேன். அன்று ஸ்டூலில் இருந்த அதே முகம். ஒரு கோடு கூட மாறாமல் அதே மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பகடியா என்று கேட்க வாய் வரவில்லை. “வேன் இருக்கு மச்சான்” என்றேன். அப்ப சரி என்று சப்பாத்தைக் கழற்ற ஆரம்பித்தார். மழைக்காக அந்தத் துவாயைத்தான் தோளில் போட்டிருந்தேன். துவைத்துத் துவைத்து நீலக் கோடு போய்விட்டது. அவர் அதை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்ப என் தோளில் போட்டார்.

அன்று நான்தான் கடைக்குப் போனேன், நான்தான் குழம்பு வைத்தேன். புறப்படும்போது எவ்வளவு நிக்குது என்று கேட்டார். நாற்பத்திரண்டாயிரம் என்றேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

“ஒன்னு இருபது” என்றார்.

சிரிக்கிறாரா என்று பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. சரி மச்சான், ஒன்னு இருபது என்று ஒத்துக்கொண்டு இறங்கி வந்தேன். பஸ்ஸில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், மாதம் ஐந்நூறு என்றால் இருபது வருஷம் ஆகும். அவ்வளவு காலமும் நான் போக வேண்டும், அவர் அங்கே இருக்க வேண்டும். நாளைக்கு முதல் ஞாயிறு. ஐந்நூறை எடுத்து வைத்துவிட்டேன், துவாயைக் கொடியில் காயப் போட்டிருக்கிறேன். என் மச்சானுக்கு நான் இன்னும் கொடுக்க வேண்டியது ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்.