வாலைப் பார்த்து ஓட்டின சால்

எப்ராயிம் அட்டிங்குக்கு ஐம்பத்தெட்டு வயசு. அதுல நாப்பத்தஞ்சு வருஷம் ஏர் பின்னாடியே நடந்தவரு. ஒரு கால் ஏர் கீறுன சாலுக்குள்ள, ஒரு கால் மேட்டுல. அதே பழக்கத்துல தார் ரோட்டுலயும் சாஞ்சு சாஞ்சுதான் வருவாரு. தோர்ன்லிங் ஊர்ல யாராவது அந்த நடைய நடந்து காட்டுனா பப்புல ஒரு கிளாஸ் பீர் ஓசியில கிடைக்கும்.

போர் வந்துச்சு, விமான தளம் வந்துச்சு. அவரோட பார்லி நிலம் முப்பது ஏக்கரும் ஓடுதளத்துக்கு அடியில போயிருச்சு. மிஞ்சுனது வீடும், தண்ணி தேங்குற பன்னெண்டு ஏக்கர் புல்தரையும்தான். அதையும் சீக்கிரம் உழுது கோதுமை போடுன்னு போர்க்கால விவசாயக் கமிட்டி கடுதாசி அனுப்புச்சு. கமிட்டின்னா வேற யாரு? பக்கத்து நிலத்துக்காரன், கூடப் படிச்சவன், சிட்னி லார்ட்டர். பண்ணை பண்ணையா நடந்து ஏ, பி, சின்னு மார்க் போடுவான். சி வாங்குனா நிலமும் போச்சு, வீடும் போச்சு.

உழவனுக்கு முதல் சால்தான் மானம். தூரத்துல ஒரு குறி வச்சுக்கிட்டு, ரெண்டு குதிரைத் தலைக்கும் நடுவுல அதையே பாத்துப் போகணும். நடுவுல திரும்பிப் பாக்குறது கேவலம். எப்ராயிமோட குறி ஒரு எல்ம் மரம். விமானம் எறங்க இடைஞ்சல்னு அத வெட்டிட்டாங்க. புல்தரைய உழ எறங்குன சனிக்கிழமை சாயங்காலம் வேலிக்கு மேல ஒரு குண்டு போடுற விமானத்தோட வால் மட்டும் தெரிஞ்சுது. ரெண்டு வாரமா அசையாம நின்னது. சரின்னு அதையே குறி வச்சாரு.

பாதி வயல் போனதும் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு டிராக்டர் விமானத்த மெதுவா இழுக்க ஆரம்பிச்சுது. வால் இடப்பக்கம் நகர நகர, இவரும் நகர்ந்தாரு. வேலிய முட்டித் திரும்பிப் பாத்தா, சால் அரிவாள் மாதிரி வளைஞ்சு கெடக்கு. இருட்டிருச்சு.

"விடிஞ்சதும் அழிச்சு உழுதுருங்க"ன்னு கெஞ்சுனா பொண்டாட்டி டோரா.

"ஞாயித்துக்கிழமை ஏர் தொடமாட்டேன்."

மறுநாள் தேவாலயம் முடிஞ்சு, வழக்கம்போல அடுத்தவன் உழவப் பாக்க ஊரே கிளம்பி வந்து இவரு படல்ல சாஞ்சு நின்னுச்சு. விமான வால் கதை ராத்திரியே பப்புல பரவியிருந்துச்சு.

"எப்ராயிம்! அந்த விமானம் பெர்லினுக்குப் பறந்திருந்தா நீயும் ஏரோட பெர்லின் போயிருப்பியே!"

"அங்கயும் கோணலாத்தான்யா உழுதிருப்பான்!"

லார்ட்டர் சிரிக்கல. நோட்டை எடுத்தான்.

"நாளைக்கே சரி பண்ணிருவேன், சிட். சின்ன வேலைதான்."

"நான் பாக்குறது இன்னைக்கு, மிஸ்டர் அட்டிங்."

"என்னது மிஸ்டர்? டேய் சிட், நாம ஒரே பெஞ்சுல..."

"மிஸ்டர் லார்ட்டர்"னு திருத்திட்டு, ஒரே ஒரு எழுத்து எழுதி நோட்டை மூடுனான்.

வெள்ளிக்கிழமை கடுதாசி வந்துச்சு. பதினாலு நாள் கெடு. நிலமும் வீடும் லார்ட்டர் கைக்கு.

பத்தாம் நாள் மத்தியானம் ரெண்டு பேரும் முயல் கறியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுட்டு இருக்காங்க. லார்ட்டர் சம்சாரம் கதவத் தட்டாம உள்ள வந்தா, கையில அளவு டேப்பு.

"நீங்க சாப்பிடுங்க, சாப்பிடுங்க. எங்க திரைச்சீலை இந்த ஜன்னலுக்குப் பத்துமான்னு பாக்கத்தான்."

எப்ராயிம் நாற்காலி ஜன்னல ஒட்டி இருந்துச்சு.

"கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?"

தட்டைக் கையில எடுத்துக்கிட்டு எந்திரிச்சாரு. அவ அளந்து முடிக்கிற வரைக்கும் சுவரோரமா நின்னுக்கிட்டே தின்னாரு.