பன்னீர் நிரப்பிய ஸ்பிரிட் பாட்டில்

நகைக் கடைக்கு வருவதற்கு முன் நான் ஒரு டாக்டரிடம் ஆறு வருடம் வேலை பார்த்தவள். காலையில் போனதும் கண்ணாடி சிரிஞ்சுகளையும் ஊசிகளையும் ஸ்டீல் டப்பாவில் போட்டு ஸ்டவ்வில் ஏற்றுவேன். தண்ணீர் கொதித்து இருபது நிமிடம் ஆன பிறகுதான் இறக்க வேண்டும். ஒருமுறை அவசரத்தில் முன்னாலேயே இறக்கிவிட்டேன். டாக்டர் ஊசியை என் முகத்துக்கு நேராக நீட்டி, "இத உனக்குப் போட்டுக்குவியா?" என்று கேட்டார். ஆகவே எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்ல எனக்கு வழியில்லை.

டாக்டர் ஊரை விட்டுப் போன பிறகு ஓசூர் பஜாரில் அந்தக் கடையில் சேர்ந்தேன். எண்பதுகளின் கடைசி. மூக்கண்டப்பள்ளியில் அறை எடுத்துத் தங்கி கம்பெனி வேலைக்குப் போகும் பெண்கள்தான் கடைக்கு அதிகம் வருவார்கள். முதலாளி பெங்களூரிலிருந்து காது குத்தும் துப்பாக்கி ஒன்று வாங்கி வந்தார். பிளாஸ்டிக். தோட்டை வைத்து அமுக்கினால் 'டக்'கென்று இறங்கிவிடும். டாக்டரிடம் இருந்தவள் என்பதால் அது என் கைக்கு வந்தது.

முதல் மாதம் ஸ்பிரிட் இருந்தது. பிறகு முதலாளி, "கடைக்குள்ள ஆஸ்பத்திரி நாத்தம் அடிக்குது, வர்றவங்க பயப்படறாங்க" என்று அதே பாட்டிலில் பன்னீரை ஊற்றி வைத்தார். நானும் பன்னீரைத் தொட்டுத் தொட்டுக் குத்தினேன்.

ஒருநாள் மூக்குக் குத்திக்கொள்ள ஒரு கம்பெனிப் பெண் வந்தாள். ஊத்தங்கரைப் பக்கம். இருபது வயது இருக்கும். சொந்த ஊரிலேயே கல்யாணம் நிச்சயமாகி, மாப்பிள்ளை வீட்டில் மூக்குத்தி கேட்டிருந்தார்கள். அன்று காலைதான் சீழ் பிடித்து மூடிப்போன ஒரு குழந்தையின் காதை மறுபடி குத்தியிருந்தேன். துப்பாக்கியின் முனையை வெறும் பஞ்சால் துடைத்து வைத்திருந்தேன்.

அவள் முனையைப் பார்த்தாள். "இத கொதிக்க வெக்க மாட்டீங்களாக்கா? எங்க ஊரு நர்ஸம்மா கொதிக்க வெச்சித்தான் ஊசி போடுவாங்க."

"இது மிஷின். கொதிக்க வெச்சா உருகிடும். பயமா இருந்தா எழுந்து போ, பின்னால ஆளு நிக்குது" என்று கத்தினேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். காதுக்குச் செய்த துப்பாக்கி மூக்குக்குள் சரியாக நுழையவில்லை. அழுத்தித் திணித்து அமுக்கினேன்.

ஐந்தாம் நாள் வந்தாள். மூக்கு தக்காளி போலச் சிவந்து வீங்கியிருந்தது. அதைத் தொடக் கூடாது, டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் கடை நிறைய ஆள். மூக்குத்தியைப் பிடித்துத் திருகினேன். அலறினாள். "இதுக்கே இப்படி அழுதா புள்ள எப்படிப் பெத்துக்குவ?" என்றேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

மூன்று வாரம் கழித்து மாப்பிள்ளையின் அம்மா அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடைக்குள் வந்தாள். முந்தானையை விலக்கி அவள் முகத்தைக் காட்டினாள். மூக்கின் இடது பக்கம் கரைந்து உள்ளே போயிருந்தது.

"நீங்களே சொல்லுங்க. இது குத்தினதால வந்ததா, இல்ல பொண்ணுக்குப் பெருநோவு ஏதாச்சும் இருக்குதா? ஊர்ல அப்படித்தான் பேசறாங்க."

குஷ்டத்தைச் சொல்கிறாள் என்று எல்லோருக்கும் புரிந்தது. முதலாளி என் பக்கம் கையைக் காட்டினார். "எத்தன பேருக்குக் குத்தறோம், யாருக்கு இப்படி ஆச்சு? டாக்டர்கிட்ட வேல பாத்தவ இவ. இவளையே கேளுங்க."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது.

"நான் ஸ்பிரிட் போட்டுத்தாங்க குத்தினேன்" என்றேன். "சுத்தமான ஒடம்புக்கு இப்படி ஆகாது."

மாப்பிள்ளையின் அம்மா பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள். விட்ட கையைத் தன் புடவையில் துடைத்துக்கொண்டு தனியாகத் தெருவில் இறங்கிப் போனாள். அவளைத் தொட்டதற்காகத் துடைத்தாள். கல்யாணம் நின்றுபோனது என்று அடுத்த வாரம் அவளோடு தங்கியிருந்த பெண் வந்து சொன்னாள். அன்றும் நான்கு பேருக்குக் குத்தினேன்.

மூன்று வருடம் கழித்து, நான் அந்தக் கடையை விட்டு நின்ற பிறகு, ராயக்கோட்டையில் ஓசூர் பஸ்ஸில் ஏறினேன். காலியாக இருந்த ஒரே இடம் அந்த ஊத்தங்கரைப் பெண்ணின் பக்கத்தில். இறங்கிவிடலாமா என்று யோசிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியில் அழுகியதை வெட்டி எடுத்திருந்தார்கள். மூக்கின் ஓரத்தில் ஒரு விரல் நுழையும் பள்ளம்.

"அது பன்னீர்தான்" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"தெரியும். வாசன அடிச்சுதே."

"அப்புறம் ஏம்மா உட்கார்ந்த?"

"நீங்க கத்தினீங்க."

கொஞ்ச தூரம் போன பிறகு அவளே பேசினாள். "வெறும் புண்ணுதான்னு டாக்டர் சீட்டு எழுதிக் குடுத்தாரு. ஊர்ல யாரு அதப் படிக்கிறாங்க? அக்கா வீட்டுக்குப் போனா இன்னும் எனக்குத் தனி டம்ளர். அவ புள்ளைங்கள என்கிட்ட விடறதில்ல. நீங்க ஒருதரம் வந்து அவங்ககிட்ட சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

"வர்றேன்" என்றேன்.

"ஞாயித்துக்கெழம நான் ஊர்லதான் இருப்பேன்" என்று வழி சொன்னாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து எத்தனாவது தெரு, எந்தக் கதவு என்று கைவிரலை மடக்கிச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை குளித்துக் கிளம்பிக் கிருஷ்ணகிரி வரை போனேன். ஊத்தங்கரை பஸ் நின்றிருந்தது. ஏறி உட்காரவும் செய்தேன். அந்தத் தெருவில் நின்று, நான்தான் செய்தேன், பொய் சொன்னேன் என்று என் வாயால் சொல்வதை நினைத்துப் பார்த்தேன். கண்டக்டர் விசில் கொடுப்பதற்கு முன் இறங்கிவிட்டேன். அதற்குப் பிறகு அவளைப் பார்க்கவில்லை.