இது எந்த மாடு?

கண்டாவளையில் வயல் செய்யும் கமலாசனிக்கு ஐம்பத்திரண்டு வயது. போன மாரியில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு, கிணற்றடிக்குப் போய்வரவே மூச்சு வாங்கியது. இதயத் தசை பலவீனப்பட்டிருக்கிறது, எவ்வளவு என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால்தான் மருந்தைத் தீர்மானிக்கலாம் என்று சொல்லி, டொக்டர் கொழும்புக்கு அனுப்பினார்.

அங்கே ஆஸ்பத்திரியில், ஸ்கான் அறைக்கு வெளியே, தாலிக்கொடி, தோடு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றிக் கணவர் முத்துலிங்கத்தின் கையில் கொடுத்தாள். உள்ளே இருப்பது பெரிய காந்தம் என்று தாதி றிஸானா விளங்கப்படுத்தினாள். அவள் வவுனியாப் பிள்ளை. உடம்புக்குள் இரும்புத் துண்டு ஏதும் இருக்கிறதா என்று கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை."

அந்தப் பதில் தானாக வந்தது. சண்டை முடிந்து முகாமுக்குள் போன நாளிலிருந்து அதைத்தான் சொல்லி வந்தாள். காலுக்குள் கிடப்பது எறிகணைச் செல்லின் துண்டு என்றால், எங்கே பட்டது, யாரோடு நின்றாய் என்று கேள்வி நீளும். அதனால் வலது தொடைத் தழும்பு மாடு குத்தியதாயிற்று. சொல்லிச் சொல்லி அந்த மாட்டுக்குச் சிவலை என்று பெயரும் வைத்திருந்தார்கள்.

முத்துலிங்கம் தாலிக்கொடியைப் பொத்திப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்தார்.

கதவு திறந்தது. குளிர் முகத்தில் அடித்தது. துண்டு அசைந்து நரம்பை அறுத்தால்? சொன்னால், படமே எடுக்காமல் திருப்பி அனுப்பினால்? வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"பிள்ளை, ஒண்டு கிடக்கு."

"எங்கம்மா?"

எப்படி வந்தது என்று றிஸானா கேட்கவில்லை. கமலாசனி அந்தக் கேள்விக்காகக் காத்து நின்றாள். அது வரவேயில்லை. தொடையைத் தொட்டுக் காட்டினாள்.

உடம்பு முழுக்க எக்ஸ்ரே எடுத்தார்கள். தொடையில் ஒன்று. இடது தோளில், அவளுக்கே தெரியாத இன்னொன்று. முத்துலிங்கம் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது எந்த மாடப்பா?" என்று மெல்லக் கேட்டார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டும் பழசு, சதைக்குள் இறுகிக் கிடக்கின்றன, பெரிய இரத்தக் குழாய்களுக்குப் பக்கத்தில் இல்லை, எம்.ஆர்.ஐ. எடுக்கலாம் என்றார் அங்கிருந்த டொக்டர். துண்டு சுட்டாலோ இழுத்தாலோ அமத்தச் சொல்லி, வெளியே மணி அடிக்கிற ஒரு றப்பர் பந்தை றிஸானா அவள் கையில் வைத்தாள்.

கட்டில் உள்ளே நகர்ந்தது. மூச்சைப் பிடிக்கச் சொல்லிக் குரல் வந்தது. தொடைப் பயம் பழகியது, தோள்தான் புதிது. பந்தை அமத்தாமலும் விரலை எடுக்காமலும், மூச்சைப் பிடித்தபடி கிடந்தாள்.