அக்கா கழுவிய புட்டி

என் மேசையில் ஒரு கண்ணாடிப் புட்டி இருக்கிறது. வாய் அகன்றது, கைக்குள் அடங்குவது. தகர மூடியின் ஓரம் துருவேறிவிட்டது. உள்ளே மஞ்சள் தூள் படிந்து படிந்து, கண்ணாடியே மஞ்சளாக வார்க்கப்பட்டதோ என்று தோன்றும். என் அக்கா முகத்துக்குப் பூசும் மஞ்சளைக் கடைசிவரை இதில்தான் வைத்திருந்தாள். உண்மையில் இது சிறுநீர்ப் பரிசோதனைக்காக நான் அவளுக்குக் கொடுத்த புட்டி. கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

நாள், கிழமையைக் குறித்துவைக்கும் பழக்கம் எனக்குப் பள்ளிக்காலம் தொட்டே உண்டு. ஆனால் இதை எங்கும் குறித்ததில்லை, தேவைப்படவும் இல்லை. ஆண்டு 1986. விழுப்புரத்தில் ஒரு தனியார் லேபில் டெக்னீஷியனாக இருந்தேன். சர்க்கரை, உப்பு பார்க்கும் லேப்கள் ஊரில் இருந்தன. கிருமியை வளர்த்துப் பார்க்கும் 'கல்ச்சர்' வேலையை எங்கள் முதலாளி டாக்டர் அப்போதுதான் தொடங்கியிருந்தார். அதற்கென்று ஒரு பொடி வரும். தண்ணீரில் கலந்து, ஆவியில் வேகவைத்து, வட்டத் தட்டுகளில் ஊற்றினால் கடல்பாசி போல உறையும். நிறம் நீலமும் பச்சையும் கலந்தது. மரக்காணத்துக் கடல் சில காலைகளில் காட்டுமே, அது. நோயாளியின் சிறுநீரைக் கம்பி வளையத்தால் தொட்டு அதன்மேல் கோடிழுத்து, வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவேன். மறுநாள் காலை கதவைத் திறக்கும்போது மனம் கொஞ்சம் துடிக்கும். சிறுநீர்த் தாரையில் வழக்கமாகக் குடியேறும் கிருமி இருந்தால், தட்டில் உள்ள பால் சர்க்கரையைத் தின்று புளிக்க வைத்துவிடும். புளித்த இடமெல்லாம் மஞ்சளாகும். நிறம் மாற்றாமல் நீலமாகவே வளரும் கிருமிகளும் உண்டு. அவற்றையும் மேடு தட்டி நிற்பதைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். ஒன்றுமே இல்லாத தட்டு, ஊற்றியபோது இருந்தபடியே பச்சையாக, வழவழவென்று இருக்கும்.

அக்காவைத் திண்டிவனத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். மாமாவுக்கு மல்லாட்டை மண்டியில், வேர்க்கடலை மூட்டைகளை எடைபோடும் வேலை. அதற்கு இரண்டு வருடம் முன்பு அக்காவுக்கு ஒரு கரு ஏழாம் மாதத்தில் தவறியது. குளிர்க்காய்ச்சல் வந்து, இடுப்பு வலி என்றாள், மூன்றாம் நாள் பிள்ளை இல்லை. இப்போது நாலாம் மாதம். அதே காய்ச்சல் திரும்பி வந்திருந்தது. அவள் காட்டிவந்த டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார். காய்ச்சல் நின்று, பத்து நாளில் மறுபடி வந்தது. சிறுநீரில் கிருமி என்றுதான் அவருக்குச் சந்தேகம். ஆனால் எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரியாமல் பிள்ளைத்தாய்ச்சிக்கு மருந்தை மாற்றி மாற்றிக் கொடுக்க அவர் தயங்கினார். "உன் தம்பி லேப்லதானே இருக்காரு? கல்ச்சர் பார்த்துட்டு வா" என்று சொல்லி அனுப்பினார்.

கொதிநீராவியில் சுத்தம் செய்து, வாயைக் காகிதத்தால் மூடி நூல் கட்டிய புட்டிகளைக் கொடுத்தனுப்பினேன். அக்கா காலையில் பிடித்துக் கொடுப்பதை மாமா விழுப்புரம் கொண்டுவருவார். வழியில் கெட்டுவிடக்கூடாது என்பதால், மீன்காரரிடம் ஐஸ் வாங்கி, காபி ஃப்ளாஸ்கில் போட்டு, அதற்குள் புட்டியை இறக்கி எடுத்துவருவார். முதல் நாள் பஸ்ஸில் நடந்ததை வந்ததும் வராததுமாகச் சொன்னார். அவர் ஃப்ளாஸ்கை மடியில் அணைத்திருப்பதைக் கண்டக்டர் பார்த்திருக்கிறார்.

"இன்னா சார், பச்சக் கொழந்தையாட்டம் மடியில வெச்சிக்கினு வர்றீங்க? காபியா?"

"ஆமாய்யா, காபிதான். ஒரு வாய் ஊத்தட்டா?"

"ஊத்துங்க சார், தூக்கமா வருது."

"நீ தாங்கமாட்ட. ஜல்தியா விழுப்புரம் கொண்டுபோய் விடு, அது போதும்."

சொல்லிச் சிரித்தவர், ஃப்ளாஸ்கை என் கையில் கொடுத்தபின் சிரிக்கவில்லை. "மச்சான், இந்தத் தடவையாவது நிக்கணும்டா" என்றார்.

தட்டு பச்சையாகவே இருந்தது. அடுத்த வாரம் இன்னொரு புட்டி வந்தது, அதுவும் பச்சை. ஒரு கோடு, ஒரு புள்ளி இல்லை. டாக்டரம்மா குழம்பிப்போய், சிறுநீரில் இல்லை, வேறெங்கோ என்று முடிவு செய்து, பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். எனக்கோ பச்சையைப் பார்த்ததில் ஒரு நிம்மதிகூட. அதை நேரில் சொல்லலாம் என்று ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் போனேன். அது ஆடி அமாவாசைக்கு முந்தின ஞாயிறு. மாமா அடுத்த ஞாயிறு என்பார். இன்றுவரை எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை.

வாசலில் யாரும் இல்லை. தோட்டத்துப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. துவைக்கும் கல்லருகே அக்கா குந்தியிருந்தாள். காய்ச்சல் விட்ட முகம், தளர்ந்த கொண்டை. பக்கத்தில் ஃபினாயில் பாட்டில். என் லேப் காகிதம் அழகாக நாலாய் மடித்துக் கல்லின்மேல் வைக்கப்பட்டிருந்தது. கையில், பாண்டிச்சேரி போகுமுன் கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று நான் கொடுத்திருந்த புட்டி. வெள்ளைத் தண்ணீரை உள்ளே ஊற்றிக் குலுக்கிக்கொண்டிருந்தாள்.

"கழுவாதே அக்கா!" என்று கத்திவிட்டேன்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "இன்னாடா கத்துற? பொறந்த வீட்டுக்குப் போற ஏனம், கழுவாம அனுப்புவாங்களா? அதுவும் இந்தக் கருமத்தை ரொப்பி அனுப்புறேன். உன்கூட வேல செய்யிறவங்க மோந்து பார்த்துட்டு, இவன் அக்கா வூடு இப்படித்தான்னு சொல்லமாட்டாங்க?"

"ஒவ்வொரு தடவையும் இப்படியா கழுவுன?"

"பின்ன? நல்லா ரெண்டு மூடி ஊத்தி, கவுத்து வெச்சி..."

ஈரம் உலராமல் ஒட்டியிருந்த அந்தத் துளிகளே போதும், கிருமிகளைக் கொல்ல. எங்கள் லேப் தரையைத் தினமும் காலையில் ஃபினாயிலால்தான் துடைப்பார்கள். அந்த வாடையில் இந்த வாடை யாருக்கும் தெரியவில்லை. மெதுவாக விளக்கினேன். அவள் கல்லைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்போ போன தடவ புள்ள போச்சே, அதுவும் நான் இப்படிக் கழுவுனதாலயா?"

"அப்போ டெஸ்ட்டே எடுக்கலையே அக்கா. புட்டியே கிடையாது."

கையிலிருந்த புட்டியைக் கல்லின்மேல் வைத்தாள். பிறகுதான் அழுதாள். அவள் அதுவரை அழுது நான் பார்த்ததில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஒரு புதுப் புட்டியை நானே கொண்டுவந்து கொடுத்தேன். கழுவாத புட்டியை மகா அசிங்கமாக நினைத்தபடியே அதில் பிடித்துக் கொடுத்தாள். அதற்கடுத்த காலை பெட்டியைத் திறந்தபோது, தட்டு முழுக்க மஞ்சள். பச்சை எங்கே என்று தேடவேண்டியிருந்தது. மருந்து தடவிய சிறு காகித வட்டங்களை வைத்து, எதைச் சுற்றிக் கிருமி நெருங்காமல் ஒதுங்குகிறது என்று இன்னொரு நாள் பார்த்து, ரிசல்ட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"இன்னா கலர் வந்துச்சுடா?" கதவைத் திறக்குமுன்னே கேட்டாள்.

"மஞ்சள்."

"மஞ்சளா? மாவு புளிக்கிறாப்ல புளிக்க வெக்கும்னியே, அதுவா?" என்றவள், ஏதோ வரம் கிடைத்ததுபோல் மாமாவைக் கூப்பிட்டாள். "தே, கேட்டியா? மஞ்சளாம்!" நோய் இருக்கிறது என்ற சேதிக்கு யாரும் அவ்வளவு மகிழ்ந்து நான் கண்டதில்லை.

டாக்டரம்மா மருந்தை மாற்றினார். காய்ச்சல் இறங்கியது, திரும்பவில்லை. ஏழாம் மாதம் தாண்டும்வரை மாமா மண்டியில் யாரோடும் சரியாகப் பேசவில்லையாம். தை மாதத்தில் பெண் பிறந்தாள். பிறகு அக்கா பெருமுக்கல் மலையேறி வேண்டுதலைத் தீர்த்தாள். ஃபினாயில் பட்ட அந்தப் புட்டியை வெந்நீரில் அலசி அலசி வாடை போக்கி, மஞ்சள் போட்டுவைத்தாள். அதற்குப்பின் நான் எப்போது அவள் வீட்டுக்குப் போனாலும், செருப்பைக் கழற்றுமுன் "இன்னா கலர்டா இன்னிக்கு?" என்பாள். லேபில் நாள் எப்படிப் போனது என்று அதற்கு அர்த்தம்.

போன வருடம் புரட்டாசியில் அக்கா போய்விட்டாள். இருதயம்.

நான் ஓய்வுபெற்றும் வெகுகாலம் ஆகிறது. சில மாதங்களுக்கு முன் எனக்கே ஒரு பரிசோதனைக்காகப் போனபோது, அங்கிருந்த பையனிடம் கேட்டுத் தட்டுகளைப் பார்த்தேன். இப்போது ஒவ்வொரு கிருமியும் தன் நிறத்தைத் தானே சொல்கிறது: ஒன்று ரோஜா, ஒன்று கருநீலம், இன்னொன்று பழுப்பு. கோலப்பொடித் தட்டு மாதிரி இருந்தது. பஸ் ஏறித் திண்டிவனத்தில் இறங்கி அவளிடம் சொல்லவேண்டும் என்று ஒரு கணம் கால் திரும்பிவிட்டது. வெளியே வந்து நின்றேன். அந்தக் கேள்வியைக் கேட்க இப்போது யாரும் இல்லை.

அவள் சாமான்களில் நான் கேட்டு வாங்கியது இந்தப் புட்டி ஒன்றைத்தான். போன வாரம் அவள் மகள் என்னைப் பார்க்க வந்திருந்தாள். மேசையை ஒழுங்குபடுத்தியவள், "இன்னா மாமா, இவ்ளோ கறையா வெச்சிருக்கீங்க, அலசிக் குடுக்கறேன்" என்று புட்டியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

"கழுவாதே!" என்று கத்திவிட்டேன்.

குழாய் நின்றது. அவள் வாசற்படியில் வந்து நின்று என்னைப் பார்த்தாள். அந்தக் கதையை அவள் அம்மா எத்தனையோ முறை சொல்லியிருப்பாள். முந்தானையால் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். உள்ளே மஞ்சள் நனையவில்லை.